படுக்கப் போகும் முன் ஒரு பின்னல்

(ஐப்பசி மழைநாளில் கும்பகோணத்தில் கூடிய மகளிர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று காலையில் பாயைச் சுருட்டும்போது தலையணையைப் பார்த்தீர்களா? நாலைந்து முடி கிடந்திருக்கும். "ஐயோ, இப்படிக் கொட்டுதே" என்று ஒரு பெருமூச்சு விட்டு, அதைச் சுருட்டி ஜன்னல் வழியே போட்டுவிட்டு அடுப்படிக்குப் போயிருப்பீர்கள். நாளைக் காலையில் அப்படிப் போட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இரண்டு முனையையும் பாருங்கள்.

ஒரு முனையில் ஊசி நுனி அளவுக்கு வெள்ளையாக ஒரு குமிழ் இருந்தால், அது வேரோடு வந்த முடி. அதன் காலம் முடிந்தது, விழுந்தது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை இப்படி விழுவது இயல்பு. தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. அதில் நூறு போவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் இரண்டு முனையிலும் குமிழே இல்லாமல், நீளமும் குறைவாக, ஒரு முனை துடைப்பக்குச்சி மாதிரிப் பிசிறிக்கொண்டு இருந்தால், அது விழுந்த முடி அல்ல. அறுந்த முடி.

இந்த இரண்டையும் நாம் ஒரே பெயரால் "முடி கொட்டுது" என்கிறோம். நோய் வேறு, மருந்தும் வேறு. வேரோடு விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் உடம்புக்குள் இருக்கிறது. அறுவதற்குக் காரணம் வெளியே, நம் கையில், நம் சீப்பில், நாம் தலைவைத்துப் படுக்கும் இடத்தில் இருக்கிறது. உள்ளே இருப்பதைச் சரிசெய்ய மருத்துவர் வேண்டும். வெளியே இருப்பதை இன்று இரவே நீங்கள் சரிசெய்யலாம். அந்த இரண்டாவதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தியவள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும்போது முதலில் சொல்வது இதைத்தான்: முடிக்கு உயிர் இருப்பது தோலுக்குள் உள்ள வேரில் மட்டும். தோலுக்கு வெளியே வந்தபிறகு அது கெரட்டின் என்கிற புரதத்தால் ஆன ஒரு நூல். கத்தரித்தால் வலிக்காமல் இருப்பதே அதற்குச் சாட்சி. அரிவாள்மணையில் விரல் பட்டால் நாலு நாளில் ஆறிவிடும், ஏனென்றால் தோலுக்கு உயிர் இருக்கிறது. முடியில் விழுந்த வெடிப்பு ஆறாது. எந்தத் தைலமும் எந்த ஷாம்பூவும் அதை ஆற்ற முடியாது. மேலே பூச்சாகப் படிந்து வழுவழுப்பாகக் காட்டலாம், அடுத்த குளியல் வரைக்கும். ஆறாத பொருளைக் காக்க ஒரே வழி, அதைக் கெடாமல் பார்த்துக்கொள்வது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இடுப்பைத் தொடும் 72 சென்டிமீட்டர்ச் சடை என்றால் அதன் நுனிக்கு ஆறு வயது. இன்று பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் சடைநுனி, அவள் நாலாம் வகுப்பில் பென்சில் சீவிக்கொண்டிருந்தபோது முளைத்தது. அந்த நுனி அவளோடு 2,000 இரவுகளுக்கு மேல் படுத்து எழுந்திருக்கிறது. பகலில் சடையைப் பின்னி, ரிப்பன் வைத்து, பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம். இரவில் எட்டு மணி நேரம் தலையின் பாரத்துக்குக் கீழே போட்டு நசுக்குகிறோம். புரண்டு படுக்கும்போதெல்லாம் இழுக்கிறோம். ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் கவனிப்பாரில்லாமல் கிடக்கிற நூல் எப்படித் தாங்கும்?

நூல் என்று சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கிருந்து மாயவரம் சாலையில் போனால் திருபுவனம். மூன்றாம் குலோத்துங்க சோழன் கட்டிய கம்பகரேசுவரர் கோயில் இருக்கிற ஊர். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திருபுவனம் பட்டு நெய்கிற ஊர். அங்கே என்னிடம் படித்த பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்வந்த பழக்கம் எனக்கு உண்டு. தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஒன்று புரியும். அந்த வீட்டில் யாரும் பட்டு இழையை அவசரமாகத் தொட மாட்டார்கள். நகத்தில் சின்னச் சொரசொரப்பு இருந்தால்கூட இழை மாட்டிக்கொள்ளும் என்று நகத்தை ஒட்ட வெட்டி வைத்திருப்பார்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் தறி நின்றுவிடும். முனையைத் தேடி எடுத்து, விரல்நுனியில் திருகிச் சேர்த்த பிறகுதான் அடுத்த ஊடை ஓடும். நெய்து முடித்த புடவையை விசிறி மடிப்பாக மடித்து வைப்பார்கள். வீட்டுக்கு வந்தபின் நாமும் அதை வருஷம் முழுக்க ஒரே மடிப்பில் வைப்பதில்லை, மாற்றி மடிக்கிறோம். ஒரே இடத்தில் மடிந்து கிடந்தால் அந்த மடிப்பில் பட்டு இற்றுப்போகும் என்று நமக்குத் தெரியும்.

பட்டு ஃபைப்ராயின் என்னும் புரத இழை. முடி கெரட்டின் என்னும் புரத இழை. பட்டைக் கெடுக்கிற மூன்றும் முடியைக் கெடுக்கும்: ஈரம், இழுப்பு, உரசல். பட்டுப்புடவைக்கு நாம் காட்டுகிற பதனத்தில் பாதியை இரவில் முடிக்குக் காட்டினால் போதும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதன் விளக்கம்.

முதலில் ஈரம்.

பழைய நாட்டு ஓட்டு வீட்டின் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டின் மேல் ஓடு ஏறி, மேலேயிருந்து கீழே சரிந்து அடுக்கியிருக்கும். முடியின் மேல்தோலும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத செதில்கள், ஆறு முதல் பத்து அடுக்கு வரை, வேரிலிருந்து நுனியை நோக்கிச் சரிந்து அடுக்கியிருக்கின்றன. ஒரு நீள முடியைப் பிடித்து வேரிலிருந்து நுனிவரை இரண்டு விரலால் வழித்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். நுனியிலிருந்து வேரை நோக்கி வழியுங்கள், சற்றே தடுக்கும். அந்தத் தடுப்புதான் ஓட்டின் விளிம்பு.

நனைந்த முடி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் தண்ணீரைக் குடிக்கும். குடித்து உப்பும். உப்பும்போது ஓடுகள் தூக்கிக்கொள்ளும். உள்ளே புரத இழைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீரில் விட்டுப்போகும். அதனால்தான் ஈர முடியை இழுத்தால் ரப்பர் மாதிரி நீள்கிறது. நீள்வதைப் பார்த்து அது வலுவாக இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. முடி மிகவும் பலவீனமாக இருக்கிற நேரம் அதுதான். கூரை ஓடு தூக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதன் மேல் ஏறி நடந்தால் என்ன ஆகும்? ஈரத்தலையோடு படுத்துப் புரள்வது அதுதான்.

நம் டெல்டாவில் இதற்கென்றே ஒரு பருவம் இருக்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும். தாளடி நடவும் சம்பாக் களையெடுப்பும் நடக்கிற காலம். வயலிலிருந்து வருகிறவள் முழங்கால் வரைக்கும் சேறு, தலை முழுக்க மழை. பம்புசெட்டிலோ வாய்க்காலிலோ ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வருவாள். வந்ததும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். தலையைத் துவட்ட நேரம் ஏது? ஈரத்தோடு அள்ளி முடிந்து ஒரு கொண்டை. சோறாக்கி, பிள்ளைகளுக்குப் போட்டு, பாத்திரம் கழுவி, அந்தக் கொண்டையோடு அப்படியே சாய்ந்துவிடுவாள். வெளியே காற்றிலும் ஈரம், பாயிலும் ஈரம். விடிந்தாலும் கொண்டைக்குள் காய்ந்திருக்காது. அடுத்த நாளும் மழை.

இதை ஏதோ வெளியிலிருந்து சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் இதே கதைதான். மாலையில் வீடு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு இறுக்கி முடிந்துகொண்டு, விடைத்தாள் திருத்தியபடியே தூங்கிப்போவேன். ஒரு கார்த்திகை முடிவதற்குள் கொண்டை போடுகிற இடத்தில் முடி அறுந்து அறுந்து, பிடரிக்கு மேலே ஒரு சாண் அளவுக்குக் குச்சி குச்சியாக நின்றது. தலையில் ஒரு ஊறல் நாற்றம், எத்தனை சீயக்காய் போட்டாலும் போகாமல். நீளம் திரும்பி வர நாலு வருஷம் ஆயிற்று. அப்போதுதான் என் அப்பாயி சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது.

ஈரம் தங்கினால் அறுவது மட்டுமல்ல. தலைத்தோலில் இயல்பாகவே வாழும் பூஞ்சை பெருகிப் பொடுகும் அரிப்பும் வரும். சிலருக்கு முடியின் மேலேயே மணல் மாதிரிச் சின்ன வெள்ளை முடிச்சுகள் படியும். வழித்துப் பார்த்தால் விரலில் நெருடும். ஈர் என்று நினைத்து ஈர்வலியால் இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள். அது ஈர் அல்ல, ஒருவகைப் பூஞ்சை. ஈரத்தலையை மூடிக் கட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது வர வாய்ப்பு அதிகம். அதற்குத் தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

அப்பாயி என்ன செய்வார்கள்? தலைமுழுக்கு என்றால் காலையில்தான். ஈரிழைத் துண்டால் சுற்றி, அழுத்தி அழுத்தித் தண்ணீரை எடுப்பார்கள். பிறகு தணலில் சாம்பிராணியைத் தூவி, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் கூந்தலை விரித்துப் போடச் சொல்வார்கள். உண்மையில் முடியைக் காயவைத்தது புகை அல்ல, தணலிலிருந்து எழும் வெதுவெதுப்பான காற்று. வாசனை மனசுக்கு. இளைப்பு, மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அந்தப் புகை ஆகாது. ஆகையால் புகையை விட்டுவிடுங்கள், காயவைப்பதை விடாதீர்கள். முழுக்கக் காய்ந்த தலையோடுதான் படுக்கை என்கிற விதியை விடாதீர்கள்.

"ஈரத்தோட படுக்காதடி, தலையில நீர் கோத்துக்கும், சளி புடிக்கும்" என்பார்கள். சளி கிருமியால் வருவது, ஈர முடியால் அல்ல. பெரியவர்கள் சொன்ன காரணம் சரியில்லை. ஆனால் சொன்ன விதி சரி. காரணம் பொய்யாகப் போனதால் விதியையும் சேர்த்து நம் தலைமுறை தூக்கிப் போட்டுவிட்டது. அதைத் திரும்ப எடுத்து, சரியான காரணத்தோடு பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஒன்றே ஒன்று கூடுதலாக: குளித்தபின் துண்டால் முடியைப் பட்பட்டென்று அடித்து உதறாதீர்கள். முறுக்கிப் பிழியவும் வேண்டாம். பட்டுப்புடவையை யாராவது துவைகல்லில் அடிப்பார்களா?

அடுத்தது இழுப்பு.

பெண்ணின் கூந்தலுக்கு நம் பழைய இலக்கியம் வைத்த பெயர்களில் ஒன்று ஐம்பால். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்று ஐந்து வகையாக ஒப்பனை செய்வதால் வந்த பெயர். ஐந்து வகை என்றால் என்ன பொருள்? ஒரே வகையில் எந்நேரமும் கட்டி வைக்கவில்லை என்று பொருள். இன்றைக்கு நம் வீட்டில் நடப்பது என்ன? காலையில் ஏழு மணி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று, இரவிலேயே பிள்ளைக்கு இரட்டைச் சடை இறுக்கிப் பின்னி, மடித்து ரிப்பன் கட்டிப் படுக்க வைத்துவிடுகிறோம். மறுநாள் இரவு வரைக்கும் 24 மணி நேரம் அதே இறுக்கம். நெற்றியோரத்திலும் காதோரத்திலும் முடி மெலிந்துகொண்டே வரும். "அவ அப்பா மாதிரி நெத்தி ஏறுது" என்று அப்பாவின் மேல் பழியைப் போட்டுவிடுவோம்.

இறுக்கிக் கட்டுவதால் முன்நெற்றி முடி போகும் என்பதை 1907-இலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். கிரீன்லாந்தில், உச்சியில் இழுத்து முடிந்துகொள்ளும் பெண்களைப் பார்த்து ஆஸ்திரியாவைச் சேர்ந்த டிரெபிட்ஷ் என்பவர் எழுதினார். பனிநாட்டுப் பெண்ணுக்கும் காவிரிக்கரைப் பெண்ணுக்கும் இதில் வேறுபாடு இல்லை. இழுப்பு சில மாதம் என்றால் விட்டதும் முடி திரும்ப வரும். பல வருஷம் தொடர்ந்தால் வேரே வடுவாகிப்போகும், பிறகு வராது. நெற்றியோரம் சின்னச் சின்னப் பருக்கள், சீவும்போது வலி, இவை இரண்டும் முதல் எச்சரிக்கை.

இது நாட்டியத்தின் மண். தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றி 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடல்மகளிரை, குடியமர்த்தியதை ராஜராஜன் கல்வெட்டாக வெட்டி வைத்த மண். இன்றும் தெருவுக்குத் தெரு சலங்கை ஒலி கேட்கிறது. ஆடுகிற பிள்ளைகளின் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. சவுரி, ஜடைநாகம், குஞ்சலம், பூ, எல்லாம் சேர்ந்து பிள்ளையின் சொந்த முடியைப் பிடித்துத் தொங்குகின்றன. ஆட்டம் முடிந்து களைத்துப்போய்ப் பிள்ளை காரிலேயே தூங்கிவிடுவாள். "பாவம், தூங்கட்டும், காலையில அவிழ்க்கலாம்" என்று தோன்றும். வேண்டாம். அன்று இரவே, மடியில் போட்டுக்கொண்டாவது, ஊசி ஊசியாக எடுத்துவிடுங்கள்.

அலங்காரம் கலையக் கூடாது என்று பெண்கள் பட்ட பாடு எங்கும் உண்டு. ஜப்பானில் கெய்ஷாக்கள் போட்ட கொண்டை கலையாமல் இருக்க, தக்கமக்குரா என்கிற உயரமான தலையணையில் கழுத்தை மட்டும் வைத்துத் தலை அந்தரத்தில் நிற்கத் தூங்கினார்கள். தூக்கத்தை விற்று அலங்காரத்தை வாங்கிய கதை அது. நமக்கு அது வேண்டாம். இரவில் அலங்காரம் கலையட்டும், முடி நிற்கட்டும்.

பட்டுப்புடவையின் மடிப்பை மாற்றுவதுபோல, கட்டுகிற இடத்தையும் மாற்றுங்கள். பகலில் பிடரியில் கொண்டை போட்டால், இரவில் தளர்ந்த ஒற்றைப் பின்னல். தினமும் ஒரே இடத்தில் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கினால் அந்த இடத்திலேயே அறுந்து நிற்கும். வெறும் ரப்பர் பேண்டே வேண்டாம். பழைய மல் துணியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு நாடா கிழித்துக்கொள்ளுங்கள். அதுதான் இரவு ரிப்பன்.

மூன்றாவது உரசல்.

பகலில் முடி காற்றில் தொங்குகிறது. இரவில் தலைக்கும் தலையணைக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. நாம் புரளும்போது முடி கூடவே புரள வேண்டும். தலையணை உறை சொரசொரப்பாக இருந்தால் அது முடியைப் பிடித்துக்கொள்கிறது. தலை மட்டும் நகர்கிறது. கஞ்சி போட்ட முரட்டுப் பருத்தி உறை, நைலான் கயிற்றுக் கட்டில், ஓரம் பிரிந்த கோரைப்பாய், இவை எல்லாமே கண்ணுக்குத் தெரியாத சீப்புகள். அதுவும் எதிர்த் திசையில் வாருகிற சீப்புகள். ஓட்டு விளிம்புகள் உடைந்து, பிசிறி, ஒன்றோடொன்று மாட்டிக்கொள்கின்றன. காலையில் நாம் சிக்கு என்று சொல்வது இதைத்தான்.

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய சுருட்டை முடி வளைவுக்கு வளைவு உடையக்கூடியது. படுக்கும் முன் வழவழப்பான சாட்டின் துணியால் தலையை மூடிக் கட்டிக்கொள்வது அம்மாவிடமிருந்து மகளுக்கு வருகிற பழக்கம். நம்மிடையே சுருட்டை முடி உள்ள பிள்ளைகள் நிறைய. அவர்கள் இதைச் செய்தால் மிகவும் நல்லது.

நமக்குத் துணிக்கா பஞ்சம்? பட்டு நெய்கிற ஊரில் இருக்கிறோம். கடையில் பட்டுத் தலையணை உறை என்று போட்டு விற்பதை வாங்கச் சொல்லவில்லை. பீரோவில் அடிமடிப்பில் இற்றுப்போன கல்யாணப் புடவை ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும். அதன் உடல் பாகத்தை மட்டும் எடுத்து ஒரு உறை தையுங்கள். ஜரிகைக் கரையும் முந்தானையும் வேண்டாம், ஜரிகை முடியை அறுக்கும். பட்டுப்புடவையே இல்லாத வீடு என்றால் ரவிக்கைக்கு உள்ளே வைக்கிற வழவழப்பான லைனிங் துணி போதும். அதுவும் இல்லையா? பல வருஷம் துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன பழைய வேட்டி. முந்தானையை விரித்துத் தரையில் படுக்கும் அம்மாவுக்கு நான் பட்டு வாங்கு என்று சொல்லமாட்டேன். அந்த வேட்டித் துண்டைத் தலைமாட்டில் மடித்துப் போட்டுக்கொள் என்று சொல்வேன். வேண்டியது வழவழப்பு, விலை அல்ல. எந்த உறையானாலும் வாரம் ஒருமுறை துவைத்து வெயிலில் போடுங்கள்.

ஒன்றையும் கூட்டிச் சொல்லக் கூடாது. பட்டு உறை முடியை வளர்க்காது. அறுவதைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆனால் அறாத முடிதானே நீளும்?

துணி இல்லாவிட்டாலும் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. அப்பாயி படுக்கும்போது கவனித்திருக்கிறேன். தலையைச் சாய்ப்பதற்கு முன் வலது கையால் சடையை எடுத்துத் தலையணைக்கு மேலே, தலைமாட்டுப் பக்கம் போட்டுக்கொள்வார்கள். பிறகுதான் படுப்பார்கள். சடை தோளுக்கும் பாய்க்கும் நடுவில் நசுங்காது. கையசைவு ஒன்று, காசு செலவில்லை.

இனி எண்ணெய். பேராவூரணி, பட்டுக்கோட்டைத் தேங்காயின் ஊர்க்காரர்களுக்கு எண்ணெயைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளுக்காக நாம் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அந்தத் தேங்காயெண்ணெய்க்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதில் மிகுதியாக உள்ள லாரிக் அமிலம் அளவில் சிறியது, நேரான அமைப்புடையது. அதனால் முடிக்குள்ளேயே இறங்குகிறது. தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு ரேலே, மொகிலே என்னும் இருவர் 2003-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கழிந்துபோவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே என்று கண்டார்கள். அவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், நீங்கள் எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

நாளைத் தலைமுழுக்கு என்றால் இன்று இரவு முடியின் நீளத்துக்கு எண்ணெய் தடவுங்கள். முடி தண்ணீர் குடித்து உப்புவதை அது குறைக்கும். ஒரு தேக்கரண்டி போதும். தலையணை நனைகிற அளவுக்கு வழியவிட்டால் அழுக்குச் சேரும், நெற்றியில் பரு வரும். பொடுகு உள்ளவர்கள் இரவு முழுக்கத் தலைத்தோலில் எண்ணெயை ஊறவைக்கக் கூடாது. பொடுகுப் பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு.

இப்போது, படுக்கப் போகும் முன் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். ஐந்து நிமிஷ வேலை.

பூவை எடுங்கள். தஞ்சாவூர்க் கதம்பத்தின் அழகே மல்லியும் கனகாம்பரமும் மருவும் மரிக்கொழுந்தும் நெருக்கமாகக் கட்டியிருப்பதுதான். அந்த மரிக்கொழுந்துக் காம்பும் பூக்கட்டிய வாழைநாரும் இரவில் முடியைச் சுற்றிக்கொண்டால் காலையில் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். பிறகு ஊசி, கிளிப் எல்லாவற்றையும் எடுங்கள். சடையை அவிழ்த்து விரலால் கோதிவிடுங்கள். பெரிய பல் சீப்பை எடுத்து நுனியிலிருந்து தொடங்குங்கள். நாலு விரல் நீளம் சிக்கு விட்டபின் இன்னும் நாலு விரல் மேலே. அப்படியே ஏறி உச்சிக்குப் போங்கள். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாகக் கீழே இழுத்தால் எல்லாச் சிக்கும் நுனியில் போய்க் குவிந்து, அங்கே அறும். சிக்கு எடுத்தபின் பிடரிக்குக் கீழிருந்து தளர்ந்த பின்னல். பின்னலுக்குள் சுண்டுவிரல் நுழைய வேண்டும். நுனியில் துணி நாடா. சடையைத் தலைமாட்டில் போட்டுக்கொண்டு படுங்கள்.

ஒரே பாயில் தலையோடு தலை ஒட்டிப் படுக்கும் பிள்ளைகளுக்கும் இந்தப் பின்னல் நல்லது. பேன் பறக்காது, குதிக்காது. முடியிலிருந்து முடிக்கு ஊர்ந்துதான் போகும். விரித்த முடி அதற்குப் பாலம்.

இவ்வளவும் அறுகிற முடிக்கு. காலையில் பார்த்த முடிகள் எல்லாவற்றிலும் வெள்ளைக் குமிழ் இருந்து, அதுவும் கொத்துக் கொத்தாக வந்தால், தலையணையை மாற்றிப் பயனில்லை. பிரசவமான மூன்று நான்கு மாதத்தில் முடி கொட்டுவது பெரும்பாலும் தானே நின்றுவிடும். கடும் காய்ச்சலுக்குப் பின்னும் அப்படியே. அது இல்லாவிட்டால் இரத்தச்சோகையோ தைராய்டோ இருக்கலாம். தமிழ்நாட்டில் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தச்சோகை இருக்கிறது என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பே சொல்கிறது. ஊருக்கெல்லாம் நெல் விளைவிக்கிற நம் வீட்டுப் பெண்ணின் இரத்தத்தில் போதிய இரும்பு இல்லை என்பது முடியைவிடப் பெரிய கவலை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வட்டமாகச் சொட்டை விழுந்தாலும், தலைத்தோல் சிவந்து எரிந்தாலும் தோல் மருத்துவரைப் பாருங்கள். எண்ணெய் மாற்றி எண்ணெய் தடவிக் காலம் கடத்த வேண்டாம்.

கடைசியாக ஒன்று.

நான் சொன்னதில் புதிதாக எதுவும் இல்லை. உங்கள் ஆயாவுக்கும் அப்பாயிக்கும் எல்லாம் தெரியும். பிறகு ஏன் விட்டுப்போயிற்று? சோம்பலால் அல்ல. அந்தக் காலத்தில் சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன்னால் திண்ணையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அப்பாயிக்கு முன்னால் அத்தை, அத்தைக்கு முன்னால் அம்மா, அம்மாவுக்கு முன்னால் நான். ஒருத்தி தலையை ஒருத்தி கோதிச் சிக்கெடுத்துப் பின்னிவிடுவாள். தன் தலையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. இன்று திண்ணையும் இல்லை, அந்த வரிசையும் இல்லை. நடவிலிருந்தோ ஆபீசிலிருந்தோ வருகிறவள், எல்லாருக்கும் எல்லாம் செய்து முடித்து, இரவு பத்தரை மணிக்குத் தோள் வலியோடு கையைத் தூக்கித் தன் சடையைத் தானே அவிழ்க்க வேண்டும். அவள் அவிழ்ப்பதில்லை. அப்படியே படுத்துவிடுகிறாள். அவள் முடி அறுவதற்கு முதல் காரணம் ஈரமோ உறையோ அல்ல. அவளுக்குப் பின்னால் உட்கார ஆள் இல்லை.

பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே, உங்களிடம்தான் கேட்கிறேன். பெண்பிள்ளை, ஆண்பிள்ளை என்ற வேறுபாடு இதில் இல்லை. இன்று இரவு வீட்டுக்குப் போனதும் செல்போனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அம்மாவைப் பாயில் உட்காரச் சொல்லி, நீங்கள் பின்னால் உட்காருங்கள். பூவை எடுங்கள், ஊசியை எடுங்கள். முடி ஈரமாக இருந்தால் துண்டால் அழுத்தி, காயும் வரை பேசிக்கொண்டிருங்கள். பிறகு சீப்பை எடுத்து நுனியிலிருந்து தொடங்குங்கள்.